இருவாச்சிகளும் மண்சுவரும்

மழை ஓயாத மலைக்காட்டில் இரண்டு இருவாச்சிகள் இருந்தன. ஆண் பறவையின் கண்கள் சிவப்பு. அதனால் அவன் பெயர் செங்கண்ணன். பெண் பறவையின் கண்கள் முல்லைப்பூ நிறம். அதனால் அவள் பெயர் முல்லை.

அந்த ஆண்டுதான் இருவரும் ஜோடி சேர்ந்திருந்தார்கள். எங்கே போனாலும் சேர்ந்தே பறந்தார்கள். முல்லை சிறகை வீசினால் அந்த ஓசை பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். "உன் சிறகோசை மாதிரி இந்த மலையில் வேறு யாருக்கும் இல்லை!" என்று செங்கண்ணன் அடிக்கடி சொல்வான். அதைக் கேட்க முல்லைக்குப் பெருமையாக இருக்கும்.

முட்டையிடும் காலம் வந்தது. இருவரும் மரம் தேடினார்கள்.

"ஆற்றோரத்தில் ஒரு மரம் பார்த்தேன். பொந்து நல்ல ஆழம். அங்கே போகலாம்" என்றாள் முல்லை.

"அது எதற்கு? இந்த நாங்கு மரத்துப் பொந்தே போதும். பக்கத்திலேயே அத்தி மரம் பழுத்துக் கிடக்கிறது. நீ கூப்பிட்டு வாயை மூடுவதற்குள் பழத்தோடு வந்து நிற்பேன்!" என்றான் செங்கண்ணன்.

முல்லைக்கு அரை மனம்தான். இருந்தாலும், "சரி, உன் விருப்பம்" என்று சொல்லிவிட்டாள்.

இருவாச்சிகளின் குடித்தனம் மற்றப் பறவைகளின் குடித்தனம் போன்றது அல்ல. பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு மண்ணையும் பழக்கூழையும் எச்சத்தையும் குழைத்து வாசலை அடைத்துவிடுவார்கள். அலகு நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு மட்டும் மிச்சம் இருக்கும். குஞ்சு பொரித்து ஓரளவு வளரும்வரை பெண் பறவை வெளியே வராது. ஆண் பறவை கொண்டுவந்து ஊட்டுவதுதான் அதற்கு உணவு. மண் காய்ந்துவிட்டால் சுவர் கல்லைப் போல இறுகிவிடும். பாம்பும் குரங்கும் உள்ளே நுழைய முடியாது.

முல்லையும் அப்படியே உள்ளே போனாள். சுவர் எழும்பியது. ஒரு முட்டையும் இட்டாள்.

தொடக்கத்தில் எல்லாம் நன்றாகவே நடந்தது. செங்கண்ணன் அத்தி மரத்துக்கும் பொந்துக்குமாகப் பறந்தான். தொண்டையில் அடக்கிக் கொண்டுவந்த பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து இடுக்கு வழியே நீட்டினான். கூடவே காட்டுச் செய்தியும் சொன்னான்.

"இன்று குரங்குகளுக்குள் பெரிய கலாட்டா!"

"எதற்காம்?"

"ஒரு பலாப்பழத்துக்கு. கடைசியில் பழம் பள்ளத்தில் விழுந்து கரடிக்குப் போனது!"

முல்லை உள்ளேயிருந்து சிரிப்பாள். சுவருக்கு இந்தப் பக்கம் செங்கண்ணனும் சிரிப்பான்.

பிறகு இரண்டு காரியங்கள் நடந்தன. அவற்றில் ஒன்று முல்லைக்குத் தெரியாது. மற்றொன்று செங்கண்ணனுக்குத் தெரியாது.

அத்தி மரம் காலியாகிவிட்டது. புறாக்களும் குரங்குகளும் அணில்களும் சேர்ந்து கடைசிப் பழம்வரை தின்று தீர்த்துவிட்டன. அடுத்த பழ மரம் மேற்கு மலைக்கு அப்பால்தான் இருந்தது. அங்கே போக வேண்டுமென்றால் திறந்த பள்ளத்தாக்கைக் கடக்க வேண்டும். பள்ளத்தாக்கின் மேலே கழுகு வட்டமிடும். செங்கண்ணன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய் வந்தான். ஆனால் முல்லையிடம் மூச்சுவிடவில்லை. 'இந்த மரம்தான் வேண்டும் என்று அடம் பிடித்தவன் நான். அவள் சொன்ன மரத்துக்கே போயிருக்கலாம் என்று எப்படிச் சொல்வது?' என்று வெட்கப்பட்டான்.

உள்ளே முல்லையின் சிறகுகள் உதிரத் தொடங்கின. பொந்துக்குள் அடைந்திருக்கும் இருவாச்சிகளுக்கு அப்படித்தான் நடக்கும். பழைய இறகுகள் விழுந்து புதியவை முளைக்கும். முல்லைக்கோ அதுதான் முதல் தடவை. காலடியில் கிடந்த நீண்ட இறகுகளைப் பார்த்துப் பதறினாள். இறக்கையை அசைத்துப் பார்த்தாள். ஓசையே வரவில்லை. 'சிறகோசை, சிறகோசை என்று புகழ்ந்தானே. இப்படி மொட்டையாக இருக்கிறேன் என்று தெரிந்தால் என்ன நினைப்பான்?' என்று அவளும் மறைத்தாள்.

செங்கண்ணன் வர நேரமாகத் தொடங்கியது. ஒரு நாள் அவன் வரும் ஓசை மேற்கிலிருந்து கேட்டது. அத்தி மரம் இருந்ததோ கிழக்கில்.

"எங்கே போய் வருகிறாய்?" என்று கேட்டாள் முல்லை.

"வேறு எங்கே? அத்தி மரத்துக்குத்தான்."

"சத்தம் மேற்கிலிருந்து கேட்டதே?"

"காற்று திசை மாறியிருக்கும். நீ சாப்பிடு!"

இலைகூட அசையாத நாள் அது. அவன் பொய் சொல்கிறான் என்று முல்லைக்குப் புரிந்தது. ஏன் பொய் என்றுதான் புரியவில்லை. அவள் மேலே எதுவும் கேட்கவில்லை. மனத்துக்குள் போட்டுப் பூட்டிக்கொண்டாள்.

அடுத்தொரு நாள் உச்சி வெயிலும் தாண்டிவிட்டது. அவன் வரவில்லை. பசியில் முல்லைக்குக் கண் இருண்டது. கழுகுக்குப் பயந்து புதரில் ஒளிந்திருந்து, ஒருவழியாகத் தப்பி வந்த செங்கண்ணனுக்கும் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

"இப்போதுதான் வழி தெரிந்ததா?" என்றாள் முல்லை.

"வந்ததும் வராததுமாக ஆரம்பிக்காதே! பழத்தை வாங்கு!"

"நீ எப்போதும் இப்படித்தான்! வாய் நிறையச் சொல்வாய். ஒன்றும் செய்ய மாட்டாய். மரம் பார்த்தபோதும் உன் பேச்சுத்தானே நடந்தது? கூப்பிட்டு வாயை மூடுவதற்குள் வருவேன் என்றாயே!"

எந்த இடத்தில் செங்கண்ணனுக்கு ஏற்கெனவே வலித்துக்கொண்டிருந்ததோ, அந்த இடத்திலேயே அடி விழுந்தது. அவனும் திருப்பி அடித்தான்.

"நாள் முழுக்கப் பறந்து சாகிறவன் நான்! உட்கார்ந்த இடத்தில் தின்கிறவளுக்கு என்ன தெரியும்?"

முல்லை இடுக்கிலிருந்து அலகை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

செங்கண்ணன் மிச்சப் பழங்களை இடுக்குக்குள் தள்ளினான். எங்கே போகிறேன், எப்போது வருவேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் பறந்துவிட்டான். முல்லை அவனுடைய சிறகோசை தேய்ந்து மறையும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். திரும்பி வருவானா என்று அவளுக்கு உறுதியாகத் தெரியவில்லை. வெளியே போய்த் தேடவும் அவளால் முடியாது.

மறுநாள் காலை அவன் வந்தான். பழத்தை நீட்டினான். பேசவில்லை. அவள் வாங்கிக்கொண்டாள். அவளும் பேசவில்லை. காட்டுச் செய்தி இல்லை, சிரிப்பு இல்லை. அடுத்தடுத்த நாட்களும் அப்படியே கழிந்தன.

அந்தக் காட்டில் ஒரு மரநாய் இருந்தது. பசி வந்தால் பகலிலும் அலையும். நாங்கு மரத்துப் பொந்துக்குள் முட்டை இருப்பது அதற்குத் தெரியும். பல தடவை சுவரைப் பிராண்டிப் பார்த்திருக்கிறது. நகம் தேய்ந்ததுதான் மிச்சம்.

சண்டை போட்ட சத்தமும் அதன் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு வந்த மௌனமும் விழுந்தது. மரநாய் மீசையைத் தடவிக்கொண்டது.

'வெளியே இருந்து இந்தச் சுவரை யாராலும் உடைக்க முடியாது. உள்ளே இருப்பவளே உடைத்தால் எனக்கு விருந்துதான்!'

செங்கண்ணன் அந்தப் பக்கம் போனதும் மரநாய் மெல்ல மரமேறி வந்தது.

"தங்கச்சி! சௌக்கியமா?"

"யார் நீ?" என்று முல்லை திடுக்கிட்டாள்.

"பக்கத்து மரத்துக்காரன் அம்மா. உன் கூடப் பிறந்தவன் என்று நினைத்துக்கொள். உன் குரலைக் கேட்டே நாளாகிவிட்டதே, உடம்புக்கு என்னவோ என்று பார்க்க வந்தேன்."

பேச ஆளில்லாமல் தவித்துக்கொண்டிருந்த முல்லைக்கு அந்த வார்த்தையே ஆறுதலாக இருந்தது. "உடம்புக்கு ஒன்றுமில்லை அண்ணா. மனசுக்குத்தான் சரியில்லை" என்றாள்.

"எனக்குத் தெரியாதா? மாப்பிள்ளை தினமும் மேற்கு மலைக்குப் போகிறார். நானே பார்த்தேன். அங்கே ஒரு பெண் இருவாச்சி..." மரநாய் நாக்கைக் கடித்துக்கொண்டது. "வேண்டாம் அம்மா! அடுத்தவர் குடும்பத்தைக் கெடுத்த பாவம் எனக்கு எதற்கு?"

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு அது இறங்கிப் போனது.

அன்று மாலை செங்கண்ணன் பழம் கொண்டு வந்தான். 'மேற்கு மலையில் யார் இருக்கிறார்கள்?' என்ற கேள்வி அவள் அலகு நுனிவரை வந்தது. கேட்டிருந்தால் எல்லாம் அன்றைக்கே முடிந்திருக்கும். கேட்கவில்லை. பழத்தோடு சேர்த்துக் கேள்வியையும் விழுங்கிவிட்டாள்.

மறுநாள் மரநாய் மேற்கு மலைக்குப் போகும் வழியில் ஒரு பாறைமேல் உட்கார்ந்துகொண்டது. செங்கண்ணன் பழம் பறித்துக்கொண்டு திரும்பும்போது இளைப்பாற ஒரு பட்டுப்போன மரத்தில் இறங்கினான்.

"மாப்பிள்ளை! பார்க்கவே பாவமாக இருக்கிறதே! எவ்வளவு இளைத்துவிட்டீர்கள்!" என்றது மரநாய்.

தன் கஷ்டத்தை ஒருவராவது பார்த்தார்களே என்று செங்கண்ணனுக்கு இருந்தது. "என்ன செய்வது? பழம் கிடைப்பதே பாடாக இருக்கிறது" என்றான்.

"இவ்வளவு பாடுபட்டும் பெயர் இல்லையே! தங்கச்சி என்னிடம் என்ன சொன்னாள் தெரியுமா? 'வேறு யாரோடாவது ஜோடி சேர்ந்திருந்தால் நன்றாக இருந்திருப்பேன்' என்றாள்."

"முல்லையா அப்படிச் சொன்னாள்?"

"நான் எதற்குப் பொய் சொல்லப் போகிறேன்? மாப்பிள்ளை, நான் சொல்வதைக் கேளுங்கள். ஒரு வேளை போகாமல் இருந்து பாருங்கள். பசித்தால்தான் உங்கள் அருமை தெரியும்!"

மரநாய் வாலை ஆட்டிக்கொண்டு காட்டுக்குள் மறைந்தது. செங்கண்ணன் அந்தப் பட்ட மரத்திலேயே உட்கார்ந்துவிட்டான். தொண்டை நிறையப் பழம் இருந்தது. ஆனாலும் அவன் கிளம்பவில்லை.

மரநாய் நேரே நாங்கு மரத்துக்கு ஓடியது.

"தங்கச்சி! இன்னும் பட்டினியாகவா இருக்கிறாய்? மாப்பிள்ளை இன்றைக்கு வர மாட்டார்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பட்ட மரத்தில் ஹாயாக உட்கார்ந்திருக்கிறார். இப்போதுதான் பார்த்துவிட்டு வருகிறேன். தொண்டை நிறையப் பழம் வேறு! யாருக்கு வைத்திருக்கிறாரோ!"

முல்லை காது கொடுத்துக் கேட்டாள். எந்தத் திசையிலும் சிறகோசை இல்லை. நண்பகல் போய் வெயில் சாயத் தொடங்கியது.

"இந்தச் சிறையில் எதற்கு அம்மா கிடக்கிறாய்? சுவரை உடைத்துக்கொண்டு வா. போய்க் கேள் அவரை! அதுவரை முட்டையை நான் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன்."

பசி ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். சிறகு இல்லாமல் எப்படிப் பறப்போம் என்றுகூட முல்லை யோசிக்கவில்லை. அலகைத் தூக்கிச் சுவரில் ஓங்கி அடித்தாள். மறுபடியும் அடித்தாள். மண் பெயர்ந்தது. ஒரு பெரிய கட்டி உடைந்து கீழே விழுந்தது.

வெளிச்சம் உள்ளே வந்தது. கூடவே ஒரு கால் வந்தது. கூரிய நகங்கள் விரிந்த கால்! முட்டையைத் துழாவிக்கொண்டு வந்தது.

"அண்ணா! என்ன செய்கிறாய்?"

"முட்டையைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேனே!" என்று சிரித்தது மரநாய்.

முல்லைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தன் முழு பலத்தையும் சேர்த்து அந்தக் காலைக் கொத்தினாள். மரநாய் அலறிக் காலை இழுத்துக்கொண்டது. ஆனால் ஓட்டை பெரிதாகிவிட்டது. அது மறுபடியும் தலையை நுழைக்கப் பார்த்தது. முல்லை முட்டையை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, ஓட்டையை அலகால் அடைத்துக்கொண்டு நின்றாள். அதற்கு மேல் அவளால் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

பட்ட மரத்தில் உட்கார்ந்திருந்த செங்கண்ணனுக்கு இது எதுவும் தெரியாது. ஆனால் அவன் மனம் அவனைச் சும்மா விடவில்லை. தொண்டையில் பழம் கனத்தது.

'எனக்குக் கோபம் அவள் பேச்சின் மேல். நான் பட்டினி போடுவதோ அவள் வயிற்றை. இது என்ன நியாயம்? அவள் அப்படிச் சொன்னாளா இல்லையா என்று அவளிடமே கேட்காமல், போகிற வழியில் ஒரு மரநாய் சொன்னதை நம்பி உட்கார்ந்திருக்கிறேனே! முதலில் பழத்தைக் கொடுப்போம். சண்டையைப் பிறகு போட்டுக்கொள்வோம்.'

அவன் எழுந்து பறந்தான். நாங்கு மரத்தை நெருங்கும்போதே பொந்தின் வாசலில் மரநாயின் வால் ஆடுவது தெரிந்தது. அடுத்த கணம் அவன் கல்லைப் போல அதன்மேல் பாய்ந்தான். பெரிய அலகால் முதுகில் ஓர் அடி! கழுத்தில் ஒரு கொத்து! மரநாய் கிளைக்குக் கிளை உருண்டு, தரையில் விழுந்து, நொண்டிக்கொண்டே புதருக்குள் ஓடிப் போனது.

செங்கண்ணன் மூச்சிரைக்க வாசலில் வந்து உட்கார்ந்தான்.

"முல்லை! உனக்கு ஒன்றுமில்லையே?"

"இல்லை."

"முட்டை?"

"இருக்கிறது."

அவன் பழத்தை எடுத்து ஊட்டினான். அவள் சாப்பிட்டாள். கண்ணில் இருந்த இருள் விலகியது. இருள் விலகியதும் கோபம் திரும்பி வந்தது.

"ஏன் இவ்வளவு நேரம் வரவில்லை?"

"நீ ஏன் சுவரை உடைத்தாய்?"

"நீ வந்திருந்தால் நான் ஏன் உடைக்கப் போகிறேன்?"

"நீ அந்த மரநாயிடம் என்னைப் பற்றிப் பேசாமல் இருந்திருந்தால் நான் ஏன் வராமல் இருக்கப் போகிறேன்?"

குரல்கள் ஏறின. செங்கண்ணனின் இறக்கை தானாக விரிந்தது. முன்பு போல ஒரே வீச்சில் பறந்துவிடத் தோன்றியது. உடைந்த ஓட்டை வழியாக முல்லையின் கண் தெரிந்தது. அவன் பறக்கப் போகிறான் என்று அந்தக் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. அதில் பயம் இருந்தது.

செங்கண்ணன் இறக்கையை மடக்கிக்கொண்டான்.

"முல்லை, எனக்குக் கோபம் தலைக்கு ஏறுகிறது. இப்போது பேசினால் தப்பாக எதையாவது சொல்லிவிடுவேன். சுவரை அடைக்க ஓடைக்குப் போய் மண் எடுத்து வருகிறேன். நான் விட்டுவிட்டுப் போகவில்லை. மண்ணோடு வருகிறேன். வந்து பேசலாம்."

"வருவாயா?"

"வருவேன்."

"சரி. போய்விட்டு வா" என்றாள் முல்லை.

ஓடைக்கும் நாங்கு மரத்துக்கும் அதிக தூரம் இல்லை. போகும்போது அவன் மனம் கொதித்தது. ஈர மண்ணை அலகில் அள்ளும்போது கொஞ்சம் ஆறியது. திரும்பும்போது, எதை முதலில் சொல்ல வேண்டும் என்று தெரிந்துவிட்டது. முல்லைக்கும் அந்த நேரம் உதவியது. அவன் திரும்பி வரும் ஓசை கேட்டதும் அவள் நெஞ்சில் இருந்த பாரம் பாதி இறங்கியது.

அவன் வெளியிலிருந்து மண்ணை நீட்டினான். அவள் உள்ளிருந்து வாங்கி ஓட்டையின் ஓரத்தில் அப்பினாள்.

"நான் ஒரு பொய் சொன்னேன்" என்றான் செங்கண்ணன். "பக்கத்து அத்தி மரம் எப்போதோ காலியாகிவிட்டது. மேற்கு மலைக்கு அப்பால் போய்த்தான் பழம் கொண்டு வருகிறேன். நடுவில் கழுகு இருக்கிறது. அதனால்தான் நேரமாகிறது."

"அப்படியானால் அங்கே வேறு பெண் யாரும் இல்லையா?"

"பெண்ணா? அங்கே இருப்பது ஒரு கிழட்டுக் கழுகு! யார் சொன்னது?"

"மரநாய்."

"என்னிடம் வந்து, 'வேறு யாரோடாவது ஜோடி சேர்ந்திருந்தால் நன்றாக இருந்திருப்பேன் என்று முல்லை சொன்னாள்' என்றது."

"நான் சொல்லவே இல்லை!"

"நான் அதை உன்னிடம் கேட்கவே இல்லை."

"நானும் உன்னிடம் கேட்கவில்லை" என்றாள் முல்லை. கொஞ்ச நேரம் மண்ணை அப்பிக்கொண்டிருந்தாள். "அத்தி மரம் காலி என்று சொல்லியிருக்கலாமே. ஏன் மறைத்தாய்?"

"நீ சொன்ன மரத்தை வேண்டாம் என்றவன் நான். நான் சொன்னது தப்பாகிவிட்டது. ஒத்துக்கொள்ள வெட்கமாக இருந்தது."

"பழம் தாமதமானது எனக்குப் பசியைத்தான் கொடுத்தது. நீ பொய் சொன்னதுதான் வலித்தது. உள்ளே இருந்துகொண்டு எனக்கு வெளியே என்ன நடக்கிறது என்று எப்படித் தெரியும்? நீ சொன்னால்தானே உண்டு?"

'உனக்காகத்தானே' என்று சொல்ல அவன் வாய் எடுத்தான். சொல்லவில்லை. "ஆமாம். நான் செய்தது தப்பு" என்று மட்டும் சொன்னான்.

"உட்கார்ந்த இடத்தில் தின்கிறவள் என்றாயே! அது இன்னும் ஆறவில்லை."

"அதுவும் தப்பு. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

முல்லை குனிந்தாள். பொந்துக்குள் எதையோ எடுத்தாள். ஓட்டை வழியே ஒரு நீண்ட இறகு வெளியே வந்தது. கறுப்பும் வெள்ளையுமான சிறகிறகு.

"இது என்ன?"

"என் சிறகு. எல்லாம் உதிர்ந்துவிட்டது. என்னால் ஒரு முழத் தூரம்கூடப் பறக்க முடியாது. நீ வர நேரமாகும்போதெல்லாம் எனக்குப் பசியைவிடப் பயம்தான் அதிகம். உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் இங்கேயே கிடந்து சாக வேண்டியதுதான். அந்தப் பயத்தைச் சொல்லத் தெரியாமல்தான் கத்தினேன். நீ எப்போதும் இப்படித்தான் என்று சொன்னதும் தப்பு. எப்போதும் நீ அப்படி இல்லை."

செங்கண்ணன் கீழே தரையை எட்டிப் பார்த்தான். "அப்படியென்றால் இன்று நீ வெளியே வந்திருந்தால்..."

"கீழே விழுந்திருப்பேன்."

"ஏன் முன்பே சொல்லவில்லை?"

"என் சிறகோசையைத்தானே நீ புகழ்ந்தாய்? மொட்டைச் சிறகோடு இருக்கிறேன் என்று சொல்ல எனக்கும் வெட்கமாக இருந்தது."

"சிறகோசை பிடித்திருந்தது, சொன்னேன். அதற்காகவா உன்னோடு சேர்ந்தேன்? குரங்குச் சண்டையைச் சொன்னால் சிரிக்கிறாயே, அதைக் கேட்கத்தான் கழுகைத் தாண்டி ஓடி வருகிறேன்!"

முல்லைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "மண்ணைக் கொடு. ஓட்டை இன்னும் பெரிதாக இருக்கிறது" என்றாள்.

பொழுது சாய்வதற்குள் சுவர் முழுதாகிவிட்டது. அது காய்ந்து இறுகும்வரை செங்கண்ணன் வாசலைவிட்டு நகரவில்லை.

அதற்குப் பிறகு அவர்களுக்குள் சண்டையே வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. "இன்றைக்கும் பழம்தானா? ஓர் ஓணான் கிடைக்கவில்லையா?" என்று அவள் சிடுசிடுப்பாள். "ஓணான் என்ன கிளையில் காய்க்கிறதா?" என்று அவன் எரிந்து விழுவான். நேரமாகும் என்று தெரிந்தால், "இன்று கழுகு தாழப் பறக்கிறது. சுற்றிக்கொண்டு வருவேன். பயப்படாதே" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவான். அவளும் பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்றே சொன்னாள். ஆற்றோர மரம் நல்லதா, நாங்கு மரம் நல்லதா என்ற வழக்கு மட்டும் தீரவே இல்லை. அடுத்த ஆண்டு அதைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம் என்று இருவரும் ஒத்திவைத்தார்கள்.

மரநாய் ஒரு தடவை தூரத்துக் கிளையில் நின்று காது கொடுத்துக் கேட்டது. இருவரும் உரக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மரநாய்க்கு வாயில் எச்சில் ஊறியது. சண்டைக்குப் பிறகு மௌனம் வரும் என்று காத்திருந்தது. மௌனம் வரவில்லை. பேச்சு வந்தது, பிறகு சிரிப்பு வந்தது. செங்கண்ணன் கிளையைவிட்டு அசையவும் இல்லை. மரநாய் வேறு மலையைத் தேடிப் போய்விட்டது.

குஞ்சு பொரித்தது. அது வளர வளர அதன் பசியும் வளர்ந்தது. செங்கண்ணன் எவ்வளவு கொண்டு வந்தாலும் போதவில்லை. முல்லைக்குப் புதுச் சிறகுகள் முளைத்து முதிர்ந்துவிட்டன.

"நான் வெளியே வருகிறேன். இருவரும் சேர்ந்து தேடலாம்" என்றாள் ஒரு நாள் காலை.

"வேண்டாம்! சுவரை உடைத்தால் குஞ்சுக்கு யார் காவல்? எனக்குப் பயமாக இருக்கிறது."

"நீ எலும்பும் தோலுமாகிவிட்டாய். உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்கும் பயமாக இருக்கிறது."

இருவருடைய பயமும் நியாயமாகவே இருந்தது. வெகுநேரம் வாதாடினார்கள். செங்கண்ணன் ஒரு தடவை, "நான் போய் ஒரு பழம் பறித்துக்கொண்டு வந்து பேசுகிறேன்" என்று சொல்லிப் போய்த் திரும்பினான். கடைசியில் முல்லை ஒரு வழி சொன்னாள்.

"நான் வெளியே வந்ததும் நீ மண் கொண்டு வா. உள்ளே இருந்து குஞ்சே அடைக்கிறதா என்று பார்ப்போம். அடைக்கவில்லை என்றால் நான் மறுபடியும் உள்ளே போய்விடுகிறேன்."

"சரி. அடைத்துவிட்டால் நான் வாயைத் திறக்க மாட்டேன்!"

முல்லை சுவரை உடைத்து வெளியே வந்தாள். வெயிலில் கண் கூசியது. கிளையில் நிற்கவே கால்கள் தடுமாறின. செங்கண்ணன் பக்கத்தில் ஒட்டி நின்று தாங்கிக்கொண்டான். உள்ளே குஞ்சு சின்ன அலகை நீட்டி மண் கேட்டது. அவன் கொடுக்கக் கொடுக்க அது வாங்கித் தப்பும் தவறுமாக அப்பியது. சுவர் கோணலாகத்தான் வந்தது. ஆனால் நன்றாக இறுகியது.

அன்று முதல் அம்மாவும் அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் பறந்து இரை தேடினார்கள். குஞ்சு வயிறு நிறையத் தின்று கொழுத்தது.

அன்புள்ள இருவருக்குள்ளும் சண்டை வரத்தான் செய்யும். அப்போது மனத்தில் உள்ளதை மறைக்காமலும் மூன்றாமவர் பேச்சை நம்பாமலும், ஒருவருக்கொருவர் நேரில் சொல்லிக் கேட்டுத் தீர்த்துக்கொள்பவர்களின் குடும்பமே நிலைக்கும்.